சோலார் பேனலை எத்தனை டிகிரி சாய்ப்பது?

முதலில் உங்கள் இடத்தின் அட்சரேகையைப் பாருங்கள். கைபேசி வரைபடத்தில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் வரும் இரண்டு எண்களில் முதலாவது அதுதான். ஆண்டு முழுக்க அசைக்காமல் வைக்கும் பேனலுக்கு அதையே சாய்வாக எடுத்துக்கொள்ளலாம். அட்சரேகை 20 என்றால் சாய்வும் 20 டிகிரி. பூமத்திய ரேகைக்கு வடக்கே இருந்தால் தெற்குப் பார்த்து, தெற்கே இருந்தால் வடக்குப் பார்த்து.

கணக்கில் 5 டிகிரி வந்தாலும் 10க்குக் கீழே போகாதீர்கள். தண்ணீர் வழிந்து ஓடினால்தான் தூசியும் சேர்ந்து போகும். அட்சரேகை 50 டிகிரியை ஒட்டிய, மேகமூட்டம் மிகுந்த இடங்களுக்கு இந்தக் கணக்கு சரிவராது, 35 முதல் 40 டிகிரியே போதும். ஐரோப்பிய ஆணையத்தின் பிவிஜிஐஎஸ் (PVGIS) இணையதளத்தில் உங்கள் இடத்துக்கான சாய்வை இலவசமாகவே சரிபார்க்கலாம். அந்தந்த இடத்து வெயில் தரவை வைத்துக் கணக்குப் போடுவதால் என் ஓட்டு அதற்குத்தான்.

கோணம் கிடைத்துவிட்டது, சரி. அதை எங்கிருந்து அளப்பது? தரையிலிருந்து அல்ல, மட்டத்திலிருந்து. மாடித் தளம் சமமாகத் தெரிந்தாலும் மழைநீர் வடிய வாட்டம் விட்டிருப்பார்கள். பேனல் பார்க்கும் பக்கமாகத் தளம் 2 டிகிரி இறங்கினால், 20 டிகிரிக்குச் செய்த ஸ்டாண்டில் பேனல் 22 டிகிரியில் நிற்கும். எதிர்ப்பக்கம் இறங்கினால் 18தான்.

அதனால் கோணத்தை உயரமாக மாற்றிக்கொள்வது நல்லது. பேனல் நீளத்தைக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்குங்கள். 2 மீட்டர் பேனலுக்கு 15 டிகிரி என்றால் 52 செ.மீ., 20 என்றால் 68, 30 என்றால் சரியாக 1 மீட்டர். மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே இருக்க வேண்டிய உயர வித்தியாசம் இது.

இதை அளக்கக் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும். கைபேசிச் செயலியை நான் பரிந்துரைக்க மாட்டேன், பின்புறக் கேமரா துருத்திக்கொண்டிருப்பதால் கைபேசி பேனலில் சமமாகப் படியாது. டியூபில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையில் நீர்மட்டம் மேல் விளிம்போடு பொருந்தும்படி பிடியுங்கள். மறுமுனையின் நீர்மட்டத்துக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை டேப்பால் அளந்தால் வேலை முடிந்தது. தளம் எப்படி இருந்தாலும் கவலையில்லை.

பின்சேர்க்கை: ஓரிரண்டு டிகிரி தவறினால் என்ன ஆகும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நேராக விழும் வெயில் 10 டிகிரி விலகினாலும் இழப்பு ஏறக்குறைய 1.5 சதவீதம்தான். அதைவிடத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் பேனலில் விழுகிறதா என்று காலையிலும் மாலையிலும் ஒருமுறை பாருங்கள். ஓரத்தில் விழும் சிறு நிழலே உற்பத்தியை வெகுவாகக் குறைத்துவிடும்.