ஸ்மித் மெஷினா, பார்பெல்லா: எதை எப்போது எடுப்பது?

இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பார் எனும் எடைக் கம்பி ஏறி இறங்கும் ஸ்மித் மெஷின் இன்று பெரும்பாலான ஜிம்களில் இருக்கிறது. 1950-களில் அமெரிக்கரான ஜாக் லலேன் வகுத்த அமைப்பை ரூடி ஸ்மித் என்பவர் மேம்படுத்தியதால், அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. வலிமையைக் கூட்டுவதே நோக்கம் என்றால், அன்றைய முதல் பயிற்சியை, இரு முனைகளிலும் எடைத் தட்டுகள் மாட்டிக் கையால் தூக்கும் கம்பியான பார்பெல்லில் செய்துவிட்டுப் பிறகு மெஷினுக்குப் போவதே என் பரிந்துரை.

காரணம் எளிது. பார்பெல்லைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சியைச் செய்யும்போது, அது முன்னும் பின்னும் சாயாமல் காப்பதும் நம் வேலையாகிறது. மெஷினில் அந்த வேலையைத் தண்டவாளமே செய்துவிடுவதால், வயிறும் முதுகும் அந்த அளவுக்கு உழைப்பதில்லை. ஆகவே மெஷினில் தூக்கிய எடையைப் பார்பெல்லிலும் தூக்கிவிடலாம் என்று நம்பி இறங்கக் கூடாது. ஆண்களுக்கான ஒலிம்பிக் பார்பெல், தட்டு எதுவும் மாட்டாமலே 20 கிலோ. பல மெஷின்களிலோ உள்ளே எதிர் எடை பொருத்தப்பட்டிருப்பதால் பார் அதைவிட இலேசாக இருக்கும், அதுவும் மெஷினுக்கு மெஷின் மாறும். குறிப்பேட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி போடுங்கள்.

மெஷினில் ஸ்குவாட் செய்யும்போது பாதங்களைப் பாருக்கு நேர் கீழே வைக்காமல் சற்று முன்னே வைத்தால் தொடைக்கு நல்ல வேலை கிடைக்கும். மிகவும் முன்னே தள்ளினால் இடுப்பு உள்வளைந்து கீழ்முதுகில் சுமை ஏறும். பெஞ்சில் படுத்துக்கொண்டு பாரை மார்பிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் இன்னும் கவனம் தேவை. பார்பெல் மார்பின் கீழ்ப்பகுதியிலிருந்து தோளை நோக்கி வளைந்து மேலேறுவதே இயல்பு. மெஷினில் அந்த வளைவுக்கு இடமில்லை. எனவே எடை ஏற்றுமுன் வெறும் பாரை இறக்கிப் பார்த்து, தோளில் உறுத்தல் தெரியாத இடத்துக்குப் பெஞ்சை நகர்த்திக்கொள்ளுங்கள்.

ஐந்தைந்து முறையாக மூன்று செட் பார்பெல் ஸ்குவாட் முடித்த பிறகு, மெஷினில் பன்னிரண்டு முறை வீதம் இரண்டு செட் போதும். உடல் களைத்த நிலையில் தடுமாற்றமின்றித் தொடையை உழைக்கவைக்க மெஷினைப் போல வசதியானது வேறில்லை.

தனியாகப் பயிற்சி செய்பவர்கள், மணிக்கட்டைத் திருப்பினால் மெஷின் பாரின் கொக்கி சட்டத்தில் மாட்டிக்கொள்ளும் என்பதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். கீழே உள்ள தடுப்புகளையும் உங்கள் தாழ்ந்த நிலைக்குச் சற்றுக் கீழே பொருத்துங்கள். பார்பெல்லுக்கும் அதே விதிதான்: பார்பெல்லைத் தாங்கும் சட்டமான ராக்கில் தடுப்புக் கம்பிகள் இல்லையென்றால், உதவிக்கு ஒருவர் வரும்வரை கனமான பெஞ்ச் பிரஸ்ஸைத் தள்ளிப்போடுங்கள்.