எச்.ஐ.வி. சிகிச்சைக்கான அமெரிக்க அரசு மானியம்: முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

கென்யா, உகாண்டா, சாம்பியா என்று ஆப்பிரிக்க நாடுகளில் பொதுச் சுகாதார வேலையில் இருக்கும் தமிழ் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "எங்கள் அமைப்பு சின்னது. அமெரிக்க அரசின் எச்.ஐ.வி. மானியத்துக்கு நாங்களும் விண்ணப்பிக்கலாமா?" விண்ணப்பிக்கலாம். மானிய அறிவிப்பைத் திறந்ததும் பக்கம் பக்கமாக வரும் ஆங்கிலத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். எல்லா அறிவிப்புகளுக்கும் உள்ளே இருக்கும் எலும்புக்கூடு கிட்டத்தட்ட ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டால் மீதி வேலை பொறுமையைப் பொறுத்தது.

தொடங்குமுன் கொஞ்சம் பின்னணி. இந்தப் பணத்தின் பெரும்பகுதி பெப்ஃபார் என்ற திட்டத்திலிருந்து வருகிறது. 2003 ஜனவரியில் அதிபர் ஜார்ஜ் புஷ், 5 ஆண்டுகளுக்கு 1,500 கோடி டாலர் என்று அறிவித்துத் தொடங்கியது அது. வெளியுறவுத் துறையின் மேற்பார்வையில், சி.டி.சி. என்ற நோய்க் கட்டுப்பாட்டு மையம், ஹெர்சா என்ற சுகாதார வள நிர்வாக அமைப்பு போன்றவை வழியாகப் பணம் களத்துக்குப் போகும். அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டும் பெரிய வழியாக இருந்தது. 2025 ஜூலையில் அது மூடப்பட்டது. இந்த விளக்கத்தில் சி.டி.சி. வழியைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவிகளை அமெரிக்கா 90 நாள் நிறுத்திவைத்தது. வேலையை நிறுத்தச் சொல்லி அமைப்புகளுக்குக் கடிதம் போனது. உயிர்காக்கும் சிகிச்சைக்குச் சில நாட்களிலேயே விலக்கு வந்தது. ஆனாலும் கதவு பூட்டிய மருத்துவமனைகளின் வாசலில் காத்திருந்தவர்கள் உண்டு. எச்.ஐ.வி. மாத்திரை ஆயுள் முழுக்க, தினமும் சாப்பிட வேண்டியது. ஆகவே விண்ணப்பம் எழுத உட்காருமுன் ஒரு கேள்வியைத் தாளில் எழுதி மேசைக்கு முன்னால் ஒட்டிவையுங்கள்: "இந்தப் பணம் நின்ற மறுநாள் மாத்திரையை யார் கொடுப்பார்கள்?" கீழே வரும் படிகளில் இதற்குத் திரும்பி வருவோம்.

படி 1: பதிவை இன்றைக்கே தொடங்குங்கள்

அறிவிப்பு வந்த பிறகு பதிவு செய்யலாம் என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம். அது தாங்காது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள அமைப்பு மூன்று இடங்களில் வரிசையாகப் பதிய வேண்டும். முதலில் நேட்டோ அமைப்பு தரும் என்கேஜ் என்ற அடையாளக் குறியீடு. அடுத்து அமெரிக்க அரசிடம் பணம் பெறுபவர்கள் பதியும் சாம்.கவ் தளம், அங்கேதான் 12 எழுத்தும் எண்ணும் கலந்த யு.இ.ஐ. என்ற அடையாள எண் கிடைக்கும். (2022 ஏப்ரலுக்கு முன் டன்ஸ் எண் என்று ஒன்று இருந்தது. பழைய வழிகாட்டிகளில் அது இன்னும் கிடக்கிறது, குழம்ப வேண்டாம்.) கடைசியாக, மானிய அறிவிப்புகள் வெளியாகும் கிராண்ட்ஸ்.கவ் தளத்தில் கணக்கு. அங்கே விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்க அதிகாரம் பெற்றவர் யார் என்று குறிப்பிட்டு ஒப்புதல் தர வேண்டும்.

மூன்றும் இலவசம். பதிவு செய்துதருகிறோம் என்று பணம் கேட்டு மின்னஞ்சல்கள் வரும், ஒதுக்கித் தள்ளுங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அமைப்பில், சங்கப் பதிவுச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரியும் என்கேஜ் குறியீட்டில் இன்னொரு மாதிரியும் இருந்தது. வித்தியாசம் ஒரு சுருக்கெழுத்துதான். அதைச் சரிசெய்யவே பல வாரம் போயிற்று, கெடு தேதியும் தாண்டிவிட்டது. அதனால் பெயர், முகவரி இரண்டும் எல்லா ஆவணத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். சாம்.கவ் பதிவை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

படி 2: அறிவிப்பைத் தேடுவது

கிராண்ட்ஸ்.கவ் தேடல் பெட்டியில் 93.067 என்று போடுங்கள். உலகளாவிய எய்ட்ஸ் பணிக்கான சி.டி.சி.யின் திட்ட எண் அது. ஹெர்சாவின் எண் 93.266. திறந்திருக்கும் அறிவிப்புகளோடு, இனி வரப்போகிறவை என்ற முன்னறிவிப்பையும் பாருங்கள். முன்னறிவிப்பு வந்த நாளிலிருந்து உங்களுக்குக் கூடுதலாகச் சில மாதங்கள் கையில் இருக்கும்.

படி 3: முன்பின்னாகப் படியுங்கள்

முதல் பக்கத்திலிருந்து படித்தால் களைத்துவிடுவீர்கள். தகுதிப் பகுதியை முதலில் படியுங்கள். சில அறிவிப்புகள் அந்த நாட்டு அமைப்புகளுக்கு மட்டும்தான். பெப்ஃபார் கணக்கில் உள்ளூர் அமைப்பு என்றால் அந்த நாட்டில் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும், உரிமையிலும் ஊழியர்களிலும் குறைந்தது 75 சதவீதம் அந்த நாட்டவர் அல்லது நிரந்தரக் குடியிருப்பாளர் இருக்க வேண்டும். பெயரளவுக்கு நைரோபியில் ஓர் அலுவலகம் திறந்துவைத்தால் ஆகாது.

அடுத்து மதிப்பெண் பகுதிக்குத் தாவுங்கள். அணுகுமுறை, மதிப்பீட்டுத் திட்டம், அமைப்பின் திறன் என்று எதற்கு எத்தனை மதிப்பெண் என அங்கே இருக்கும். அதைத் தனித்தாளில் எழுதி, எதற்கு எத்தனை பக்கம் என்று பங்கிடுங்கள். விளக்க உரைக்குப் பக்க வரம்பு உண்டு. சி.டி.சி. அறிவிப்புகளில் 20 பக்கம் என்பது வழக்கமாகக் காணும் அளவு. வரம்பைத் தாண்டியதை மதிப்பிடுபவர்கள் படிக்க மாட்டார்கள்.

மூன்றாவதாக, இது வெறும் மானியமா, கூட்டுறவு ஒப்பந்தமா என்று பாருங்கள். எச்.ஐ.வி. பணிக்கு வருவது பெரும்பாலும் கூட்டுறவு ஒப்பந்தம். பணத்தைக் கொடுத்துவிட்டு சி.டி.சி. ஒதுங்கிவிடாது, எந்த மருத்துவமனையில் வேலை, என்ன இலக்கு என்பதில் அவர்களும் உட்கார்ந்து பேசுவார்கள். திட்டக் காலம் 5 ஆண்டு என்று போட்டிருந்தாலும் பணம் ஓராண்டுக்கு ஓராண்டாகத்தான் வரும். மேசையில் ஒட்டிய கேள்வி இங்கேயே தொடங்கிவிடுகிறது, பார்த்தீர்களா?

நிபந்தனைகளையும் தவறாமல் படியுங்கள். உதாரணமாக, பாலியல் தொழிலை எதிர்க்கும் கொள்கை தங்களுக்கு இருப்பதாக வெளிநாட்டு அமைப்புகள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று பெப்ஃபார் சட்டம் சொல்கிறது. அமெரிக்க அமைப்புகளை 2013-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் இதிலிருந்து விடுவித்தது. வெளிநாட்டு அமைப்புகளுக்கு அந்த விடுதலை இல்லை என்று 2020-இல் தீர்ப்பளித்தது. பாலியல் தொழிலாளர்களோடு நெருங்கி வேலை செய்யும் அமைப்பு என்றால், நிர்வாகக் குழுவில் இதைப் பேசி முடிவெடுத்த பிறகு எழுதத் தொடங்குங்கள். எனக்கு இந்த நிபந்தனையில் உடன்பாடு இல்லை. ஆனால் கையெழுத்திடுமுன் அது இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 4: தேவையை எழுதுவது

ஒரு கற்பனை விண்ணப்பத்தை வைத்துக்கொள்வோம். இடம் கென்யாவின் ஹோமா பே கவுன்டி (கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி, ஆனால் தனி அரசு உண்டு). விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கிறது, அந்த நாட்டில் எச்.ஐ.வி. பரவல் மிக அதிகமாக உள்ள பகுதிகளில் ஒன்று. பலர் இப்படி எழுதுவார்கள்: "எச்.ஐ.வி. ஆப்பிரிக்காவின் பெரும் சவால். விழிப்புணர்வு குறைவு." இதை எந்த ஊருக்கும் எழுதலாம், ஆகவே எந்த ஊருக்கும் பொருந்தாது.

இப்படி எழுதிப் பாருங்கள்: "ஓமேனா என்ற சிறு மீனை நிலவில்லாத இரவுகளில் விளக்கு வைத்துப் பிடிப்பார்கள். மீன் போகும் பக்கமெல்லாம் மீனவர்கள் கரை மாறுவார்கள். மாதாமாதம் ஒரே மருத்துவமனைக்கு வரச் சொன்னால் அவர்களால் வர முடிவதில்லை." மாத்திரை ஏன் விட்டுப்போகிறது என்பது இதில் தெரிகிறது. தீர்வும் கூடவே தெரிகிறது: 3 மாதத்துக்கோ 6 மாதத்துக்கோ மொத்தமாக மாத்திரை கொடுப்பது, எந்தக் கரையில் இருந்தாலும் வாங்கிக்கொள்ள வழி செய்வது.

படி 5: எண்ணக்கூடிய வேலையை மட்டும் வாக்குக் கொடுங்கள்

சி.டி.சி. ஒரு விளைவு வரைபடம் கேட்கும். இடப்பக்கம் செய்யப்போகும் வேலை, வலப்பக்கம் அதனால் சீக்கிரமும் தாமதமாகவும் வரும் மாற்றம். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அளவுகோல் வேண்டும். அளவுகோலை நீங்கள் உருவாக்க வேண்டாம், பெப்ஃபாரிடம் தயாராக இருக்கிறது: எத்தனை பேருக்குப் பரிசோதனை, எத்தனை பேர் புதிதாகச் சிகிச்சையில் சேர்ந்தார்கள், இன்றைய தேதியில் எத்தனை பேர் சிகிச்சையில் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு வைரல் லோட், அதாவது இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, கட்டுக்குள் இருக்கிறது.

"இன்று சிகிச்சையில் இருப்பவர்" என்ற கணக்கில்தான் புதியவர்கள் வழுக்குவார்கள். வர வேண்டிய தேதி தாண்டி 28 நாளுக்கு மேல் வராதவர் அந்தக் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார். அதனால் புதிதாக 500 பேரைச் சேர்ப்போம் என்று மட்டும் எழுதினால் பாதி வேலைதான். விட்டுப்போனவரைத் தேடிப் போவது யார், தொலைபேசியிலா படகிலா, எத்தனை நாளுக்குள் என்று எழுதுங்கள். ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பின் 95-95-95 இலக்கு தெரிந்திருக்கும்: தொற்றுள்ளவர்களில் 95 சதவீதம் பேருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவர்களில் 95 சதவீதம் சிகிச்சையில், அவர்களில் 95 சதவீதத்துக்கு வைரஸ் கட்டுக்குள். உங்கள் பகுதியில் இந்த மூன்றில் எது பின்தங்கியிருக்கிறதோ அதில் பக்கங்களைச் செலவிடுங்கள்.

படி 6: சுகாதார அமைப்பை வலுப்படுத்துவது

இந்தப் பகுதியைப் பலர் "பயிற்சி முகாம்கள் நடத்துவோம்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் விண்ணப்பத்தின் உயிரே இங்கேதான். மேசைக் கேள்விக்குப் பதில் வேறு எங்கேயும் இல்லை.

ஒரு நோயாளியின் இரத்தத்தைப் பின்தொடர்ந்து பாருங்கள். ம்ஃபங்கானோ தீவில் ஒரு பெண்ணிடம் வைரல் லோட் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கிறார்கள். அது படகில் கரைக்கு வர வேண்டும், குளிர் குறையாமல் ஆய்வகம் போக வேண்டும், முடிவு திரும்பி வர வேண்டும், முடிவு மோசமென்றால் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்ல ஆள் வேண்டும். இந்தச் சங்கிலியில் எங்கே அறுகிறது? படகுச் செலவு யார் கணக்கில்? முடிவு தாளில் வருகிறதா, கணினியிலா? ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு வாக்கியம் எழுதினாலே அது சுகாதார அமைப்பை வலுப்படுத்தும் திட்டமாகிவிடும்.

ஆட்களும் அப்படித்தான். மானியப் பணத்தில் தனிச் சம்பள அளவில் ஆள் எடுத்தால், அரசு மருத்துவமனையின் நல்ல நர்ஸ் உங்களிடம் வந்துவிடுவார். திட்டம் முடிந்ததும் அவர் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. கவுன்டி அரசின் சம்பள அளவிலேயே எடுத்து, எத்தனையாவது ஆண்டில் எத்தனை பேரைக் கவுன்டி தன் சம்பளப் பட்டியலில் ஏற்கும் என்று எழுத்தில் வாங்கி இணையுங்கள். கென்யாவில் 2013 முதல் சுகாதாரச் சேவை கவுன்டிகளின் பொறுப்பு. ஆகவே அந்தக் கடிதம் நைரோபியிலிருந்து மட்டும் வந்தால் போதாது.

தகவல் பதிவுக்குத் தனி மென்பொருள் செய்வோம் என்று தயவுசெய்து எழுத வேண்டாம். கென்யா இ.எம்.ஆர். என்ற பொது மருத்துவப் பதிவு மென்பொருள் அங்கே ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது. அதில் உங்கள் மருத்துவமனைகளின் விவரம் ஒழுங்காகப் பதிவாக என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். மருந்து விநியோகத்துக்கும் அப்படியே, அரசின் மருந்துக் கழகமான கெம்சா வழியோடு சேருங்கள்.

படி 7: பட்ஜெட்

மொத்தத் தொகை எழுதினால் ஏற்க மாட்டார்கள். ஒவ்வொரு வரிக்கும் கணக்கு வேண்டும்: பதவி, ஆண்டுச் சம்பளம், இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கும் நேரத்தின் சதவீதம், மாதங்கள், தொகை. இந்த வரி எந்த வேலைக்கு என்று படி 5-இன் வரைபடத்தோடு பொருந்த வேண்டும்.

மறைமுகச் செலவு, அதாவது அலுவலக வாடகை, கணக்காளர் மாதிரியானவை, வெளிநாட்டு அமைப்புகளுக்கு வழக்கமாக 8 சதவீதம். கருவிகளைக் கழித்துவிட்டுத்தான் போட வேண்டும். நேரடிச் செலவு 10 லட்சம் டாலர், அதில் கருவி 1 லட்சம் என்றால், மீதி 9 லட்சத்தில் 8 சதவீதம், 72,000 டாலர். ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை. தடைசெய்த செலவுகளின் பட்டியல் அறிவிப்பிலேயே இருக்கும், ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

படி 8: அனுப்புவது

கெடு இரவு 11:59 என்றால் அது அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம். நைரோபியில் அப்போது மறுநாள் காலை, கோடையில் 6:59, குளிர்காலத்தில் 7:59. அதை நம்பிக் கடைசி இரவுவரை இழுக்க வேண்டாம், 3 நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். கோப்புப் பெயர்களில் சிறப்புக் குறிகள் வேண்டாம். அனுப்பியதும் கிடைத்தது என்று ஒரு மின்னஞ்சல் வரும். அதோடு எழுந்து போய்விடக் கூடாது. சரிபார்ப்பில் தேறியதா, தள்ளப்பட்டதா என்று இன்னொன்று வரும். தள்ளப்பட்டிருந்தால் திருத்தி மறுபடி அனுப்பத்தான் அந்த 3 நாள்.

நேரடியாகக் கிடைக்காவிட்டால்

முதல்முறையே பெரிய தொகை கிடைப்பது அரிது. பெரிய அமைப்பு ஒன்றின் கீழ் துணை மானியம் வாங்கிப் பழகுவது நல்ல வழி. நம் ஊரிலேயே இது நடந்திருக்கிறது. 1995-இல் சென்னையில் தொடங்கிய ஏபேக் என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தில் யுஎஸ்எய்ட் பணம் வி.எச்.எஸ். மருத்துவமனைக்கு வந்தது, அங்கிருந்து தமிழ்நாட்டின் தொண்டு நிறுவனங்களுக்குப் பிரிந்து போனது.

இப்போது பாதையும் மாறுகிறது. 2025 செப்டம்பரில் வெளியான அமெரிக்காவின் புதிய உலகச் சுகாதாரக் கொள்கை, தொண்டு நிறுவனங்களைக் குறைத்து நேரடியாக அரசுகளோடு ஒப்பந்தம் போடச் சொல்கிறது. அந்த டிசம்பரில் முதலில் கையெழுத்திட்டது கென்யாதான். ஆகவே ஹோமா பேயில் இருக்கும் அமைப்பு கிராண்ட்ஸ்.கவ் தளத்தைப் பார்ப்பதோடு, கவுன்டி சுகாதார அலுவலகத்துக்கும் நேரில் போக வேண்டும். போகும்போது படி 6-இல் எழுதிய அந்த இரத்த மாதிரியின் பாதையை ஒரே தாளில் வரைந்து, எந்தக் கண்ணியை உங்களால் பார்த்துக்கொள்ள முடியும் என்று குறித்து எடுத்துப் போங்கள்.