உயிலில் தொடங்குங்கள்: மதுரைப் பக்கம் வம்சாவளி தேடுபவர்களுக்கு

வம்சாவளி தேடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கிரயப் பத்திரத்தைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். என் யோசனை வேறு. தாத்தாவோ பூட்டனாரோ எழுதிய உயில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய பாகப்பத்திரங்களில் பெண்பிள்ளைகளின் பெயர் அநேகமாக இருக்காது. இந்துக் கூட்டுக்குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போல் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989 மார்ச்சிலிருந்துதான் சட்டம். உயிலில் அந்தப் பெண்கள் இருப்பார்கள்: எந்த மகளை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள், எவள் தாலியறுத்துத் தாய்வீடு திரும்பினாள், இளைய தாரத்துப் பிள்ளைகள் யார் யார் என்றெல்லாம். கொடிவழியில் நாம் விட்டுவிட்ட அத்தைகளைத் தேடிச் சேர்ப்பது நம் கடமை என்றே நினைக்கிறேன்.

1. வீட்டிலிருந்தே ஆரம்பியுங்கள்

சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலில் பங்காளிகள் கூடும்போது தலைக்கட்டு வரி நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரே வகையறாவில் எத்தனை குடும்பம் என்று அதிலேயே தெரிந்துவிடும். பழைய மொய் நோட்டுகளில் பேரோடு ஊரும் இருக்கும். சம்பந்த வழி ஊர்களை அதிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள்.

2. எந்தச் சார்பதிவாளர் அலுவலகம்?

புதிதாகத் தேடுகிறவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். வில்லங்கச் சான்று போட்டால் உயிலும் வந்துவிடும் என்று நம்பாதீர்கள், வராது. கிரயம், அடமானம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை எல்லாம் பதிவாவது பதிவு அலுவலகத்தின் 1-ஆம் எண் புத்தகத்தில். உயிலுக்குத் தனியாக 3-ஆம் எண் புத்தகம், அதற்குத் தனி அட்டவணை.

இன்னொன்று: நிலம் இருக்கும் ஊரில்தான் உயிலைப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. உசிலம்பட்டியில் நஞ்சை வைத்திருந்தவர் மதுரையில் மகன் வீட்டில் இருந்தபடியே இங்கே பதிந்திருக்கலாம். அதனால் அவர் கடைசிக் காலத்தில் எங்கே இருந்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். உயிலைப் பதிவது எழுதியவர் விருப்பம்தான், ஆகவே பதியாத உயில் டிரங்குப் பெட்டியிலேயே கிடக்கவும் வாய்ப்புண்டு.

கோர்ட்டுக்கு அலைய வேண்டுமா? சென்னை நகரத்தில் எழுதிய உயில்களுக்குப் புரோபேட் (உயில் உண்மையானதென்று கோர்ட் தரும் சான்று) வாங்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. மதுரைப் பக்கத்து இந்துக் குடும்பங்களுக்கு அது பொருந்தியதில்லை. சொத்து வழக்கு நடந்தது உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அங்கே போங்கள்.

3. நகல் மனு

எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோதான் நகல் வாங்க முடியும். இறந்த பிறகு யார் வேண்டுமானாலும் மனுப் போடலாம். இறப்புச் சான்றை எடுத்துப் போங்கள். 3-ஆம் எண் புத்தகத்தை நம்மைப் புரட்ட விடமாட்டார்கள், பதிவு அலுவலர்தான் தேடித் தருவார். அதனால் பெயர், தகப்பனார் பெயர், ஊர், உத்தேச வருடங்கள் எல்லாவற்றையும் மனுவில் தெளிவாக எழுதுங்கள். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை வரும். தகப்பனார் பெயர் இல்லாவிட்டால் தாத்தாவின் உயிலைக் கேட்கப்போய் அவருக்கும் தாத்தாவின் உயில் கைக்கு வரும்.

4. படிப்பது எப்படி?

நகல் கிடைத்ததும் சொத்து விவரத்துக்குத் தாவாதீர்கள். முதல் பத்தியில் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று ஒரு தலைமுறை கிடைக்கும். பழைய கையெழுத்தில் ௸ என்று வந்தால் மேற்படி, ௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி. வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு. பசலி 1320 என்பது 1910 ஜூலையில் தொடங்கியது. தமிழ் வருடம் மட்டும் போட்டிருந்தால் அறுபது வருடம் முன்பின்னாகப் போக வாய்ப்புண்டு: சார்வரி 1900லும் வந்தது, 1960லும் வந்தது. பதிவு முத்திரையின் தேதியோடு ஒத்துப் பாருங்கள்.

அடுத்து செக்குபந்தி, அதாவது நிலத்தின் எல்லை விவரம். நான்கெல்லையில் பக்கத்து நிலத்துக்காரர்களின் பெயர்கள் வரும். முந்தைய தலைமுறையில் பாகம் பிரிந்த பங்காளிகள் பல நேரம் அங்கேதான் அகப்படுவார்கள். அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு 1-ஆம் எண் புத்தகத்தில் பாகப்பத்திரம் தேடினால் இன்னொரு தலைமுறை மேலே ஏறலாம். சாட்சிக் கையெழுத்துகளையும் விடாதீர்கள், மைத்துனரோ மாமனோ இருக்கலாம்.

பத்திரத்தில் ‘மதுரை ஜில்லா’ என்றிருந்தால் இன்றைய எல்லையை நினைத்துக்கொள்ளக் கூடாது. திண்டுக்கல் பிரிந்தது 1985ல்தான், பெரியகுளமும் போடியும் தேனி மாவட்டத்துக்குப் போனது அதற்கும் பிறகு. 1910ல் ராமநாதபுரம் ஜில்லா உருவாகும் வரை சிவகங்கைச் சீமையும் மதுரை ஜில்லாதான்.

5. அதற்கும் முன்னால்

உங்கள் முன்னோருக்கு மானியமோ (வரி தள்ளிக் கொடுத்த இனாம் நிலம்) கோயில் ஊழியமோ இருந்தது என்று வீட்டில் பேச்சிருந்தால், எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போவது வீண்போகாது. அந்த மானியங்களை விசாரிக்க 1858ல் அமைத்த இனாம் கமிஷனின் பதிவேடுகளில் மானியத்தை அப்போது அனுபவித்தவர் பெயர், வயது, முதலில் மானியம் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பது வரை இருக்கும். மனுவில் கிராமத்தின் பழைய பெயரையும் அன்றைய தாலுகாவையும் எழுதுங்கள்.