கொரோனா காலப் பழக்கங்களும் உணவு அலர்ஜியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரோனா நமக்குச் சில நல்ல பழக்கங்களைக் கொடுத்துவிட்டுப் போனது. அவற்றை அப்படியே உணவு அலர்ஜிக்கும் நம்பிவிடுவதுதான் முதல் தவறு. சானிடைசரையே எடுத்துக்கொள்ளுங்கள். வேர்க்கடலை வெண்ணெய் ஒட்டிய கையில் அதைத் தேய்த்தால் கிருமி சாகும். அலர்ஜியைக் கிளப்பும் புரதமோ விரல் இடுக்கில் அப்படியே இருக்கும். வெறும் தண்ணீரும் போதாது. சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், இல்லையென்றால் ஈரத் துடைப்பானால் நன்றாகத் துடைத்தெடுக்க வேண்டும். வகுப்பறை வாசலில் சானிடைசர் பாட்டில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

அந்தக் காலத்துப் பயம் ஒன்றும் இன்னும் தங்கியிருக்கிறது. 2020 டிசம்பரில் பிரிட்டனில் தடுப்பூசி தொடங்கியதுமே, முன்பு கடும் அலர்ஜி வந்தவர்களுக்கு அது வேண்டாம் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பினர் எச்சரித்தார்கள். மாதம் முடிவதற்குள் அதைத் திருத்தி, உணவு அலர்ஜி இதற்குத் தடையில்லை என்றார்கள். எச்சரிக்கை பரவிய வேகத்தில் திருத்தம் பரவவில்லை.

உயிரோடு விளையாடுகிற தவறு வேறு. உதடு வீங்குகிறது, குரல் கம்முகிறது, இருமல் நிற்கவில்லை, மூச்சு இழுக்கிறது. அப்போதும் அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது. அந்த மாத்திரை அரிப்பைக் குறைக்கும், அடைபடும் மூச்சுக்குழாயைத் திறக்காது. அதற்கு முதலில் தர வேண்டிய மருந்து அட்ரினலின் ஊசிதான். தொடையின் வெளிப்பக்கத் தசையில் உடனே போட வேண்டும். தோலில் தடிப்பு வரட்டும் என்று பார்க்காதீர்கள், தடிப்பே இல்லாமலும் உடல் சரியலாம். ஊசி போட்டதும் ஆம்புலன்ஸை அழையுங்கள். நோயாளியைப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் காலை நீட்டி உட்காரலாம். எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள், திடீரென எழுந்தாலே ரத்த அழுத்தம் விழுந்துவிடலாம். சரியாகிவிட்டதுபோலத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்ப வருவது உண்டு.

அலமாரியில் இருக்கும் ஊசியின் காலாவதி தேதியைப் பாருங்கள். குழந்தையின் எடை கூடியிருந்தால் மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கும். ஊரடங்கில் தள்ளிப்போட்ட பரிசோதனைகளையும் இனியாவது முடித்துவிடுங்கள். பால், முட்டை அலர்ஜி பல குழந்தைகளுக்கு வளர வளர மறைந்துவிடும். தேவையில்லாத பத்தியம் பாவம். ஆனால் மறைந்துவிட்டதா என்று வீட்டில் ஊட்டிப் பார்க்காதீர்கள். அந்தச் சோதனை மருத்துவர் கண் முன்னால்தான் நடக்க வேண்டும்.

அப்புறம், துணை தேடுவது. தூக்கம் வராத இரவில் இன்னொரு அம்மாவிடம் பேச இணையக் குழு பெரிய ஆறுதல், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மருந்தளவையும் சிகிச்சையையும் மட்டும் அங்கே கேட்காதீர்கள். ஒரே சொட்டு ரத்தத்தில் நூறு உணவுகளுக்கு அலர்ஜி பார்த்துத் தருவதாக விற்கும் ஐஜிஜி (IgG, ரத்தத்தில் இருக்கும் ஒருவகை எதிர்ப்புரதம்) சோதனைகளையும் நம்பாதீர்கள். ஐஜிஜி அலர்ஜிக்கான அடையாளமே இல்லை.

விழிப்புணர்வு என்றால் சுவரொட்டி மட்டுமல்ல. ஆசிரியர், தாத்தா பாட்டி, நண்பன் வீட்டார் என்று பிள்ளை சாப்பிடும் இடமெல்லாம் எது ஆகாது, சாப்பிட்டால் என்ன ஆகும், ஊசி எந்தப் பையில் இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள். பேனா வடிவ அட்ரினலின் ஊசியின் மருந்தில்லாத பயிற்சி மாதிரி கிடைத்தால், அவர்களையே ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.