வேலை செய்துவிட்டால்தான் வம்பு: முடிவாகாத வெப் தரநிலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய வெப் வசதி ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறோம். ஓடவில்லை என்றால் பிரச்சினையே இல்லை, விட்டுவிடுவோம். ஓடிவிட்டால் தளத்தில் ஏற்றுவோம், அப்புறம் மறந்துவிடுவோம். சில வருடம் கழித்து தரநிலைக் குழு அதை வேறு மாதிரி முடித்துவைக்கும், பிரவுசர் பழையதைத் தூக்கிவிடும். அந்த நிரலை எழுதியவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

எல்லோரும் செய்யும் தவறு, குரோமில் ஓடுவதையே தரநிலை என்று எடுத்துக்கொள்வது. பக்கத்தின் ஒரு பகுதியை மற்றதிலிருந்து பிரித்துவைக்கும் ஷேடோ டாம், சொந்தக் குறிச்சொற்களை உருவாக்க உதவும் கஸ்டம் எலிமென்ட்ஸ் இரண்டின் முதல் வடிவத்தையும் குரோம் 2014-இல் வெளியிட்டது. மற்ற பிரவுசர்காரர்கள் அந்த வடிவத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பேசி முடித்தபோது தரநிலை வேறாக இருந்தது, 2020-இல் குரோம் 80 பழையதை நீக்கியது. இடையில், 2017-இல் வந்த யூடியூப்பின் புதிய வடிவம் அந்தப் பழைய ஷேடோ டாமை நம்பிக் கட்டப்பட்டிருந்தது. ஃபயர்ஃபாக்ஸில் அது பாலிஃபில்லை, அதாவது பிரவுசரில் இல்லாத வசதியை ஈடுகட்டும் மாற்று நிரலை, சுமந்துகொண்டு ஊர்ந்தது. கூகுளிடம் திருத்தி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நம்மிடம்?

பிரவுசருக்குள்ளேயே தரவுத்தளம் வைத்துக்கொள்ள வந்த வெப் எஸ்கியூஎல்லின் கதை இன்னும் நீளம். அதைச் சேர்த்த எல்லா பிரவுசர்களும் உள்ளே எஸ்கியூலைட் என்ற ஒரே தரவுத்தள மென்பொருளையே வைத்திருந்தன, தனித்தனியாக எழுதப்பட்ட இரண்டாவது செயலாக்கம் இல்லை என்பதால் வெப் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2010 நவம்பரில் அந்த வேலையை நிறுத்தியது. ஃபயர்ஃபாக்ஸ் அதைச் சேர்க்கவே இல்லை. ஆனால் குரோமில் 2023 வரை ஓடியது. கைவிட்ட வரைவு பதின்மூன்று வருடம் ஓடினால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

திடீரென்று உடைவதைவிட மோசமானது, உடையாமல் அர்த்தம் மாறுவது. ஒரு நிறம் இன்னொன்றாக மெல்ல மாறும் சிஎஸ்எஸ் கிரேடியன்ட்டைப் பாருங்கள். பெயருக்கு முன்னால் வெப்கிட் என்ற பிரவுசர் இன்ஜினின் முன்னொட்டு போட்ட பழைய வடிவத்தில் 0 டிகிரி என்றால் வலப்பக்கம், 90 டிகிரி என்றால் மேல்நோக்கி. முடிவான தரநிலையில் 0 டிகிரி மேல்நோக்கி, 90 டிகிரி வலப்பக்கம். "முன்னொட்டு இனி தேவையில்லை" என்று யாரோ அதை மட்டும் அழித்தால் பிழை எதுவும் வராது. கீழிருந்து மேலே போன நிறம் இடமிருந்து வலமாகப் போகும், அவ்வளவுதான். இங்கே @சப்போர்ட்ஸ் சோதனையும் கைகொடுக்காது. தொடரமைப்பு பிரவுசருக்குப் புரிகிறதா என்றுதான் அது சொல்லும், நீங்கள் நினைத்த அர்த்தத்தில் புரிந்ததா என்று சொல்லாது.

"மூன்றாம் கட்டத்துக்கு வந்துவிட்டது, இனி மாறாது" என்பது, முன்மொழிவுகள் கட்டம் கட்டமாக முன்னேறும் ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் அடிக்கடி கேட்கும் சமாதானம். ஜேசன் என்ற வகைத் தரவுக் கோப்பை இம்போர்ட் செய்யும்போது கடைசியில் 'அசர்ட்' என்று எழுதும் முறை அந்தக் கட்டத்தில் இருந்தபோதுதான் 2021-இல் குரோம் 91-இல் வந்தது. பிறகு அந்தச் சொல்லே 'வித்' என்று மாறியது. ஜாவாஸ்கிரிப்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட் மென்பொருளின் 22-ஆம் பதிப்புக்கு மாறிய அன்று என் நிரல் ஒன்று முதல் வரியிலேயே விழுந்தது. ஒரு சொல்லைத் திருத்த ஒரு நிமிடம். அதே பழைய சொல்லை வைத்திருந்த, பராமரிப்பே இல்லாத ஒரு சார்பு நூலகத்தைத் தேடிப்பிடிக்க ஒரு நாள்.

பாலிஃபில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது பெயர். மூடூல்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் அர்ரே என்ற பட்டியல் வகைக்குள் 'ஃப்ளாட்டன்' என்ற பெயரில் தன் சொந்த மெத்தடை நுழைத்திருந்தது. 2018-இல் அதே பெயரில் தரநிலையான மெத்தடைக் கொண்டுவரப் பார்த்தபோது பழைய தளங்கள் உடைந்தன. கடைசியில் தரநிலைதான் இறங்கிவந்து 'ஃப்ளாட்' என்று பெயர் வைத்துக்கொண்டது. முடிவாகாத வசதிக்கு மாற்று எழுதினால் அதைத் தனி ஃபங்ஷனாக வையுங்கள், பிரவுசரின் சொந்தப் பொருள்களுக்குள் ஒட்டாதீர்கள்.

சரி, இறுதிப் பரிந்துரை என்ற முத்திரை விழும்வரை காத்திருப்பதா? அதுவும் தவறுதான். ஃப்ளெக்ஸ்பாக்ஸ் உலகமே பயன்படுத்தத் தொடங்கிப் பல வருடம் ஆன பிறகும் டபிள்யூ3சி ஆவணத்தில் 'வேட்பாளர் பரிந்துரை' நிலையில்தான் இருந்தது. முத்திரையைவிட, வெவ்வேறு இன்ஜின்கள் ஒரே சோதனைகளில் தேறுகின்றனவா என்று பார்ப்பது மேல். எந்த வசதி எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது என்று காட்டும் பேஸ்லைன் அட்டவணை இதற்கு உதவும். முக்கிய பிரவுசர்கள் அனைத்திலும் வந்து 30 மாதம் ஆன வசதியைத்தான் அது 'பரவலாகக் கிடைப்பது' என்கிறது.

அதற்கு முன்பே வேண்டுமென்றால், சோதனை வசதியை உங்கள் தளத்தில் மட்டும் சில காலம் திறந்துவிடும் குரோமின் ஆரிஜின் ட்ரயல் மூலம் முயன்று பாருங்கள். அதற்கான அனுமதி டோக்கன் தானாகவே காலாவதியாகும் என்பதால் மறக்க வழியில்லை. நான் இப்படிப்பட்டவற்றை ஒரே கோப்பில் அடைத்துவைக்கிறேன். மேலே ஒரு கமென்ட்: எந்தத் தேதியிட்ட வரைவைப் பார்த்து எழுதியது, எந்தத் தேதியில் மறுபடி பார்க்க வேண்டும். இரண்டாவது தேதி காலண்டரிலும் இருக்கும்.