தராசு முள் நிற்கட்டும்

ரங்கூனில் தெயின்ஜி சந்தைப் பக்கம் எங்கள் மளிகைக் கடை. இன்னும் வீசைக் கணக்கில்தான் விற்கிறோம். இங்கே ஒரு வீசை சுமார் 1.63 கிலோ. அப்பா காலத்துத் தட்டுத் தராசில் மிளகாயை அள்ளிப் போட்டதும் முள் இரண்டு பக்கமும் ஆடும். ஆடும்போது எடை சொல்லக் கூடாது என்பது கடைப் பையனுக்கே தெரியும். மனது ஆடும்போது பேசக் கூடாது என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

போன வருஷம் ஒரு மத்தியானம். கரண்ட் இல்லை, வாசலில் ஜெனரேட்டர் சத்தம், போனில் மொத்த வியாபாரி பாக்கியைக் கேட்கிறார். குண்டு மிளகாய் கேட்ட அம்மாவுக்குப் பையன் நீள மிளகாயைக் கட்டிக்கொண்டிருந்தான். நாலு பேர் பார்க்கக் கத்திவிட்டேன். "நான்தான் மாற்றித் தரச் சொன்னேன்" என்றார் அந்த அம்மா. பையன் ஒன்றும் பேசவில்லை. சணலை முடிச்சுப் போடப் போட அவன் விரலிலிருந்து நழுவியது.

அதற்குப் பிறகு பழகியதைச் சொல்கிறேன்.

கோபம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அப்போது எதுவும் ஞாபகம் வராது. சும்மா இருக்கும் நேரத்திலேயே, தினமும் பல தடவை செய்கிற ஒரு வேலையோடு நிதானிக்கும் பழக்கத்தைச் சேர்த்துவிடுங்கள். எனக்கு எடை போடுவது. உங்களுக்குக் குழாயைத் திறப்பதாக இருக்கலாம். முள் நிற்கும் வரை உடம்பைக் கவனிப்பேன். பாதம் தரையில் பதிந்திருக்கிறதா? தோள் மேலே ஏறியிருக்கிறதா? பல்லைக் கடித்திருந்தால் தளர்த்துவேன்.

அப்புறம் மூச்சு. ஆழமாக இழு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் அப்படி இழுத்தால் இருமல்தான் வரும். சாதாரணமாக இழுங்கள், விடுவதை மட்டும் நீளமாக விடுங்கள். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது குறையும். உடம்பின் அமைப்பே அப்படி. மூன்று முறை போதும். அடக்கிப் பிடிக்க வேண்டாம், தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது மூச்சில், வந்திருப்பது என்ன என்று மனதுக்குள் பேர் சொல்லிப் பாருங்கள். அன்று நான் கோபம் என்று நினைத்தது உண்மையில் பயம், பணம் புரளவில்லையே என்ற பயம். அது தெரிந்திருந்தால் பையனைத் திட்டியிருக்க மாட்டேன், கணக்கு நோட்டை எடுத்திருப்பேன். கோபத்தை விழுங்கச் சொல்லவில்லை. சரக்கைக் குறைத்து அனுப்பியவரிடம் முள் நின்ற பிறகும் சண்டை போட்டிருக்கிறேன்; சத்தம் போடாமல், எத்தனை மூட்டை, எத்தனை வீசை குறை என்று கணக்குச் சொல்லி.

கடை நடத்துகிறவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். இந்த ஊரில் விபாசனா தியானம் கற்றுக்கொடுத்த ஊ பா கின், அரசாங்கத்தின் அக்கவுண்டண்ட் ஜெனரலாக இருந்தவர். 1952-ல் ரங்கூனில் தியான மையம் தொடங்கிய பிறகும் அரசு வேலை பார்த்தார். அவரிடம் படித்த கோயங்கா, 1924-ல் மண்டலேயில் பிறந்த வியாபாரி. அவர்கள் போல பத்து நாள் தியானத்தில் உட்கார எனக்கு வாய்க்கவில்லை. என் மூன்று மூச்சு அதற்கு ஈடென்றும் சொல்ல மாட்டேன். வாரக்கணக்கில் தூக்கமில்லை, நெஞ்சை அடைக்கிறது என்றால் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

நேற்று மஞ்சள் நிறுத்துக்கொண்டிருந்தபோது அந்த மொத்த வியாபாரியின் போன் வந்தது. எடுக்கக் கையை நீட்டினேன். "அக்கா, முள்ளு" என்றான் பையன்.