சாவி சரி, அடைவுதான் சிக்கல்

ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு பார்க்கும் தம்பி காட்பாடியில் இருக்கும் எனக்கு போன் செய்தான். "அண்ணே, பாஸ்வேர்டு இல்லாம சர்வருக்குள்ள போக சாவி ஃபைல் சரியாத்தான் வெச்சிருக்கேன். சர்வர் பாஸ்வேர்டுதான் கேக்குது." சர்வரின் லாக்கில் 'பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்' (உரிமையாளரோ அனுமதியோ சரியில்லை) என்று ஒரு வரி இருந்தது. இது எங்கே பிறக்கிறது என்று பார்க்க தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளின் மூல நிரலையே இறக்கினேன்.

பெரும்பாலான கோப்புகள் ஒரே அடைவில்தான் (ஃபோல்டரில்தான்) இருக்கின்றன, பெயரே வேலையைச் சொல்லிவிடும். கெக்ஸ் என்று தொடங்கினால் சாவிப் பரிமாற்றம். சர்வ்கான்ஃப்.சி சர்வர் அமைப்புகளைப் படிக்கிறது. ஆத்2 என்று தொடங்குபவை உள்நுழைவு முறைகள்: பொதுச் சாவிக்கு ஒன்று, பாஸ்வேர்டுக்கு ஒன்று. பிற இயங்குதளங்களில் இல்லாதவற்றை ஈடுசெய்யும் நிரல்கள் மட்டும் ஓப்பன்பிஎஸ்டி-காம்பேட் என்ற தனி அடைவில். இவ்வளவு ஒழுங்கான நிரலைப் படிப்பதே சுகம். பழைய விளக்கங்களைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2024 ஜூலையில் வந்த 9.8 பதிப்பில் சர்வரில் ஓடும் நிரலான எஸ்எஸ்ஹெச்டி இரண்டாகப் பிரிந்தது. இணைப்புக்குக் காத்திருப்பது ஒன்று, ஒவ்வொரு இணைப்பையும் கவனிப்பது எஸ்எஸ்ஹெச்டி-செஷன்.

சரி, அந்த வரியைத் தேடினேன். மிஸ்க்.சி-யில் சேஃப்_பாத் என்ற செயற்கூறில் கிடைத்தது. சாவிக் கோப்பில் தொடங்கி ஹோம் அடைவு (பயனரின் சொந்த அடைவு) வரை மேலேறி, ஒவ்வொன்றிலும் குழுவோ மற்றவரோ எழுத அனுமதி உண்டா என்று சோதிக்கிறது. இருந்தால் மறுப்பு. அங்கே யாரோ ஃபைல் பகிர்வதற்காக ஹோம் அடைவின் அனுமதியை 777, அதாவது யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஆக்கியிருந்தார்கள். அதை 755, அதாவது உரிமையாளர் மட்டுமே எழுதலாம் என்று ஆக்கச் சொன்னேன், உடனே உள்ளே போய்விட்டான். இந்தச் சோதனையை இயக்கும் ஸ்ட்ரிக்ட்மோட்ஸ் என்ற அமைப்பை அணைத்தாலும் வேலை நடக்கும்தான். ஆனால் அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.